வீட்டோடு செல்பவர் முஸாபிரா?

உலக வாழ்வை ஒரு வழிப்போக்கரின் தங்கலாகவே கருதி வாழவேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. மேடைகளில் நாம் பலகாலும் கேட்டுப் பழகியது அது. ஆயின், அடுப்பு, கட்டில், குளிர்பதனப் பெட்டி ஆகிய அனைத்தையும் ஏற்றிக்கொண்டு, சக்கரங்களின்மீதே குடியிருக்கும் ஒருவர் உண்மையில் வழிப்போக்கர்தாமா? கேரவன் எனப்படும் வீட்டு வண்டியையே ஆண்டு முழுவதற்கும் இல்லமாக்கிக் கொண்டோர் அமெரிக்க நாட்டில் பலர் உளர். கணவனும் மனைவியுமாகிய நாங்களும் அவ்வாழ்வை மேற்கொண்டபின், இவ்வினா எங்கள் தொழுகை விரிப்பிற்கே வந்து சேர்ந்தது.

வாஷிங்டன் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், ஒலிம்பிக் தேசியப் பூங்காவினுள் அமைந்தது ஹோ மழைக்காடு. 1938 ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகவும், 1981 ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னமாகவும் அறிவிக்கப்பெற்ற நிலம் அது. பசிபிக் பெருங்கடலிலிருந்து எழும் ஈரக்காற்று ஒலிம்பிக் மலைகளில் மோதி, ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீட்டர் மழையைப் பொழிகின்றது. வானளாவிய சிட்கா ஸ்புரூஸ் மரங்களும், கிளைதோறும் பாசி தொங்கும் மேப்பிள் மரங்களும் நிறைந்த அக்காட்டில், வீழ்ந்து கிடக்கும் முதுமரத்தின் மேலேயே இளங்கன்றுகள் வரிசையாக வேரூன்றி வளர்கின்றன. இறந்தது இருப்பதற்குத் தொட்டிலாகும் இறைவனின் ஏற்பாட்டை அங்கே கண்ணாரக் காணலாம்.

இத்தனை மழைக்கு நடுவிலும் எங்கள் வண்டிக்குள் தண்ணீர் அருமையான பொருளாகவே இருந்தது. முகாமில் வண்டிக்குக் குழாயிணைப்பும் இல்லை, மின்னிணைப்பும் இல்லை. கொண்டுசென்ற தொட்டி நீர் தீர்ந்தால் மீண்டும் நிரப்பிக் கொள்ளலாம்; ஆனால் கழுவிய நீரை மண்ணில் கொட்டலாகாது. அது சேரும் தொட்டி நிறைந்துவிட்டால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு செல்வதன்றி வேறு வழியில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் என்பதை ஹதீஸ்களில் படித்திருக்கிறோம். ஒரு முத்து என்பது ஒரு லிட்டருக்கும் குறைந்த நீர். ஊரில் ஹவுளின் கரையில் அமர்ந்து ஒளுச் செய்தபோது வியப்பாக மட்டுமே தோன்றிய அவ்வளவு, இங்கே எங்கள் அன்றாட அளவாயிற்று.

ஊரில் மேற்கு நோக்கித் தொழுத எங்களுக்கு, அங்கே கிப்லா வடக்கிலிருந்து சற்றே கிழக்காக அமைந்தது. ஜூன் மாதத்தில் மஃரிபு இரவு ஒன்பது மணிக்குப் பின்னரே வரும். பாங்கோசை கேட்க வழியில்லை. கோர்டன் ஹெம்ப்டன் என்னும் ஒலிப்பதிவாளர், மனித ஓசை தீண்டாத ஒரு சதுர அங்குலத்தையேனும் காக்கவேண்டும் என்று 2005 ஆம் ஆண்டு சிறு சிவப்புக் கல்லொன்றை வைத்தது இக்காட்டிலேதான். அந்த அமைதி இனியது. எனினும், பள்ளிவாசல் பல மணி நேரத் தொலைவில் இருக்க, வெள்ளிக்கிழமை நண்பகலில் அதே அமைதி நெஞ்சைக் கனக்கச் செய்தது.

இங்கேதான் தொழுகையைச் சுருக்குவது பற்றிய வினா எழுந்தது. எங்களுள் கணவர் ஹனஃபி குடும்பத்தவர், மனைவி ஷாஃபிஈ. வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க எண்ணியவர் முஸாபிர் அல்லர் என்பது ஷாஃபிஈ சட்டம். ஹனஃபி சட்டத்தில் அவ்வெல்லை 15 நாட்கள். முகாமின் விதியோ 14 நாட்களுக்கு மேல் தங்க இடந்தருவதில்லை! எனவே, ஒரே கூரையின்கீழ் கணவர் ளுஹரின் இரண்டாம் ரகஅத்தில் ஸலாம் கொடுக்க, மனைவி எழுந்து நான்கை நிறைவு செய்தார். சலுகை இறைவனின் கொடை. கொடையை மறுப்பது முறையன்று என்றார் ஒருவர். எதைப் பிரிந்து வந்தோம், கொடையை ஏற்பதற்கு என்றார் மற்றவர்.

முன்னோர் இதனையும் சிந்தித்தே இருக்கின்றனர். மனைவி மக்களோடு கப்பலிலேயே வாழும் மாலுமி சுருக்கித் தொழலாகாது என்பது இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் கருத்து. அவர் சுருக்கலாம், ஆயினும் நிறைவாகத் தொழுவதே சிறப்பு என்பர் ஷாஃபிஈ அறிஞர். வெட்டவெளியையே இருப்பிடமாகக் கொண்ட கூடாரவாசிகள் உள்ளூராரே என்பது ஹனஃபி அறிஞரிடையே வலுப்பெற்ற கருத்து. மரக்கலமும் கூடாரமும் எங்கள் வண்டிக்கு மூத்த உறவினர் அல்லவா?

அன்றுமுதல் இருவரும் நான்கு ரகஅத்தையே தொழுது வருகிறோம். இது எங்களளவிலான முடிவே. பிறர் தத்தம் ஆலிம்களை அணுகித் தெளிவு பெறுக. வீடு, வாசல், இனிய துணை ஆகியவற்றை விட்டுப் பிரிந்தவரின் சிரமத்திற்காக அருளப்பட்டது அச்சலுகை. நாங்களோ அவற்றுள் எதனையும் விட்டு வரவில்லை. விட்டு வந்தது ஜமாஅத் ஒன்றையே. அவ்விழப்பைச் சுருக்கித் தொழுவதால் ஈடுசெய்ய இயலாது. ஆகவே, அடுத்த தங்கலைத் தேர்ந்தபோது காட்டின் அழகை முதலில் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை எட்டக்கூடிய தொலைவில் பள்ளிவாசல் உண்டா என்றே கேட்டோம்.