ரயில் வளைவுக்குள் ஓர் எஸ்950

2024 ஜூலையில் ஜப்பான் அரசு பிளாப்பி டிஸ்க்கை ஒருவழியாகத் தலைமுழுகியது. விண்ணப்பங்களைப் பிளாப்பி போன்றவற்றில்தான் தரவேண்டும் என்றிருந்த ஆயிரத்துச் சொச்சம் விதிகள் ஒழிந்தன. அந்தச் செய்தியை லண்டன் நண்பருக்கு அனுப்பினேன். "இங்கே ஒருத்தர் அதை வைத்துத்தான் பிழைக்கிறார். வந்தால் கூட்டிப்போகிறேன்" என்று பதில் வந்தது. பிறகு வேறு வேலையாக அங்கே போனபோது சொன்னபடி கூட்டிப்போனார்.

தென் லண்டனில் ரயில் பாதையைத் தாங்கும் செங்கல் வளைவுகளுக்கு உள்ளே கார் மெக்கானிக்குகளும் ரொட்டிக் கடைகளும் குடியிருக்கும். நண்பர் சொன்னவரின் பட்டறையும் அப்படி ஒரு வளைவுதான். தலைக்குமேல் வண்டி போனால் பேச்சை நிறுத்துகிறார். போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குகிறார். அறுபதைத் தாண்டியவர். பெயர் போடவேண்டாம் என்றார்.

மேஜைமேல் அகாய் எஸ்950. 1988-ல் வந்த சாம்ப்ளர். எந்த ஓசையையும் பதிந்து, கீபோர்டில் ஏற்றி, வேண்டிய சுருதியில் வாசிக்கவிடும் பெட்டி. 12 பிட். நினைவகம் 750 கிலோபைட், கூட்டினாலும் 2.25 மெகாபைட்டுக்கு மேல் போகாது. கைப்பேசியில் எடுத்த ஒரு படமே அதை நிறைத்துவிடும். கம்பெனி ஜப்பானுடையது. ஆனால் இதற்கு முந்திய எஸ்900-ஐ வடிவமைத்தவர் டேவிட் காக்கரெல் என்ற ஆங்கிலேயர். லண்டனில் விசிஎஸ்3 சிந்தசைசரைச் செய்த இஎம்எஸ் கூட்டத்தைச் சேர்ந்தவர். "உள்ளூர்ப் பிள்ளை" என்று பட்டறைக்காரர் பெட்டியைத் தட்டினார்.

பெட்டி கெடுவது பெரிய விஷயமில்லையாம். பவர் சப்ளை, பட்டன், திரைவிளக்கு எதையும் மாற்றிவிடலாம். கரண்ட் போனால் நினைவகத்தில் இருப்பது அத்தனையும் அழிந்துவிடும் என்பதால் ஒருவரின் மொத்த உழைப்பும் டிஸ்க்கில்தான் இருக்கும். தகராறு அங்கேதான். அகாய் ஒரு செக்டரில் 1024 பைட் எழுதும். சாதாரணக் கணினி 512-ஐ எதிர்பார்க்கும். யுஎஸ்பி பிளாப்பி டிரைவில் போட்டால் ஒன்றும் புரியாமல் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். சரி என்று அழுத்திவிட்டு இவரிடம் வந்து அழுதவர்கள் உண்டு.

அவர் டிஸ்க்கைப் படிப்பது கிரீஸ்வீசல் என்ற சிறு சர்க்யூட் பலகை வழியே. அதற்கு செக்டர் கணக்கே தேவையில்லை. காந்தப்பூச்சு எந்தெந்த நொடித்துணுக்கில் திசை மாறுகிறது என்பதை மட்டும் அப்படியே குறித்துக்கொள்ளும். அர்த்தம் கண்டுபிடிப்பது அப்புறம் மென்பொருளின் வேலை. படிக்காத தடத்தை மறுபடி மறுபடி படிக்கவைக்கிறார். பூசணம் பிடித்த டிஸ்க் என்றால் ஆல்கஹாலில் துடைப்பு; டிரைவின் தலைக்கும் அதே. பலகையை உருவாக்கியவர் கீர் ஃப்ரேசர், ஸென் என்ற மென்பொருளை எழுதியவர்களில் ஒருவர். எம்பிராய்டரி மெஷின்களுக்கெல்லாம் பொருத்துகிற சீனத்துக் கோடெக் டிரைவை அகாய்க்குப் புரியும்படி மாற்றுகிற ஃப்ளாஷ்ஃப்ளாப்பி நிரலும் அவர் எழுதியதுதான். உரிமை எதுவும் வைத்துக்கொள்ளாமல் பொதுவில் விட்டுவிட்டார். பழைய டிரைவைக் கழற்றிய குழியில் கோடெக்கைச் சொருகினால், ஒரு யுஎஸ்பி குச்சிக்குள் நூற்றுக்கணக்கான டிஸ்க்குகள். எஸ்950 தன்னிடம் இன்னும் பிளாப்பிதான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும்.

 

பட்டறைக்காரரின் கதைதான் எனக்கு வேண்டியிருந்தது. ஸ்டுடியோக்களுக்குக் கருவி வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் எண்பதுகளின் கடைசியில் சேர்ந்தவர். அப்போது கணினியிலிருந்து, கருவிகளை இணைக்கும் மிடி கம்பி வழியே ஒரு விநாடி ஓசையை 16 பிட்டில் அனுப்ப முக்கால் நிமிடம் ஆகும். "டீ குடித்தே வளர்ந்தேன்" என்றார். தொண்ணூறுகளில் ஜங்கிள் என்ற இசையைச் செய்யும் பையன்கள் வந்தார்கள். படுக்கையறையில் ஓர் அட்டாரி கணினி, ஓர் அகாய், அவ்வளவே அவர்கள் ஸ்டுடியோ. அகாயில் சுருதி மாறாமல் ஓசையை இழுக்கும் வசதி உண்டு. ஓசையைத் துணுக்குகளாக நறுக்கித் திரும்பத் திரும்ப ஒட்டும் முறை அது. அளவுமீறி இழுத்தால் குரல் தகரம்போல் கிறீச்சிடும். பொறியாளர் கண்ணுக்குக் குறை. பையன்களுக்கு அதுதான் இசை. இன்று அந்தக் கிறீச்சை மட்டும் போலிசெய்ய அகாய்சர் என்று ஓர் இலவச மென்பொருளே இருக்கிறது.

2000-க்குப் பிறகு எல்லாமே கணினிக்குள் போய்விட, கம்பெனியை மூடினார்கள். அகாய்களைக் குப்பையில் போடச் சொன்னார்கள். போட்டவர் இவரேதான். பிறகு வெகுகாலம் லிப்ட் பராமரிப்பு. "லிப்டில் ஏறுகிறவன் ரிப்பேர்காரன் முகத்தைப் பார்க்கமாட்டான். இங்கே வருகிறவன் டிஸ்க்கை என் கையில் கொடுக்கவே யோசிக்கிறான்."

இப்போது அகாய் விலை ஏறிவிட்டது. யாரோ இலவசமாகத் தந்த நிரலை ஏற்றி, கோடெக்கைச் சொருகி, 'புதுப்பிக்கப்பட்டது' என்று ஒரு வார்த்தை சேர்த்து இணையத்தில் பல மடங்குக்கு விற்கிறார்கள் தரகர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதினவனுக்கு ஒன்றுமில்லை, துடைத்தெடுத்தவனுக்குக் கூலி, நடுவில் நின்றவனுக்கு லாபம். கைத்தறியில் பார்த்த அதே கணக்கு இங்கேயும் என்று பொரிந்தேன். நண்பர் நெளிந்தார்.

பட்டறைக்காரர் பதில் சொல்லாமல், அப்போதுதான் மீட்ட ஒரு டிஸ்க்கை எஸ்950-ல் ஏற்றிக் கட்டையை அழுத்தினார். டிரம். லேபிளில் 'ஆமென்' என்று கிறுக்கியிருந்தது. தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு 1969-ல் வெளியிட்ட 'ஆமென், பிரதர்' பாட்டின் ஏழு விநாடி. ஜங்கிள் இசையில் எத்தனையோ பாட்டுகள் அந்த ஏழு விநாடியை வெட்டி ஒட்டியவைதான். வாசித்த ஜி. சி. கோல்மன் ராயல்டி எதுவும் பார்க்காமல் 2006-ல் இறந்துபோனார்.

"இந்த டிஸ்க்கின் சொந்தக்காரர் இதை வைத்து வீடு வாங்கினார். இதை மீட்டதற்கு நான் கூலி வாங்கப்போகிறேன். தரகனை மட்டும் திட்டினால் எப்படி?"

பையன்கள் அந்த டிரம்மை வேறொன்றாக ஆக்கினார்களே, தரகர் என்ன செய்தார் என்றேன். இப்போதும் என் கட்சி அதுதான்.

"இருக்கலாம். அதைக் கோல்மன் வீட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள்."