கண்ணாம்பாவுக்காக ஒருமுறை

'மனோகரா' (1954) என்றதும் சிவாஜியைப் பேசுகிறோம், கலைஞரின் வசனத்தைப் பேசுகிறோம். எனக்கு அது தாயாக நடித்த கண்ணாம்பாவின் படம். சங்கிலியில் பிணைக்கப்பட்ட மகனைப் பொங்கி எழச் சொல்லும் இடத்தில் அரசவையே அந்தக் குரலுக்குள் அடங்கிவிடுகிறது. அவருடைய தாய்மொழி தெலுங்கு என்றால் நம்ப முடிகிறதா!

பாகவதரோடு 'அசோக்குமார்' (1941) படத்தில், மகன் முறையானவன் மேல் மோகம் கொள்ளும் திஷ்யரட்சிதை. அடுத்த ஆண்டே 'கண்ணகி'! அந்தக் காலத்தில் இரண்டையும் அடுத்தடுத்து ஏற்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்? பிறகு அம்மா வேடங்கள். எம்.ஜி.ஆருக்கும் 'தாய்க்குப் பின் தாரம்' படத்தில் அவர்தான் தாய். கணவர் நாகபூஷணத்தோடு சேர்ந்து படங்களும் தயாரித்தார். 1964இல் மறைந்தார்.

அம்மா வேடம் என்றால் அழுகைதான் என்று நினைப்பவர்கள், 'மனோகரா'வை அவருக்காக ஒருமுறை பாருங்கள்.