மணலுக்குள் ஒரு சிங்கப்பூர்

சிங்கப்பூர் என்னும் பெயரைக் கேட்டதும் கப்பல்கள் நிறைந்த துறைமுகத் தீவே எவர் மனக்கண்ணிலும் தோன்றும். ஆயின், அதே பெயர் தாங்கிய மற்றோர் ஊர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருந்தது என்பதும், அவ்வூர் இன்று மணல்மேடுகளின் அடியில் உறங்குகிறது என்பதும் பலர் அறியாத செய்தியாகும்.

கலமசூ ஆறு மிச்சிகன் ஏரியில் கலக்கும் இடத்தில், 1836ஆம் ஆண்டில், ஓஷியா வைல்டர் என்பார் இவ்வூரைத் தோற்றுவித்தார். சிகாகோவுக்கும் மில்வாக்கிக்கும் நிகரான நகரமாக இதனை வளர்ப்பதே அவரது கனவு. ஊருக்கென ஒரு வங்கியும் எழுந்தது. சொந்தமாக நோட்டுகளும் அச்சிடப்பட்டன. வங்கி நெடுநாள் நிலைக்கவில்லை. ஊரை வாழவைத்தது காகிதப் பணமன்று, மரமே.

அக்காலத்து மிச்சிகனில் வெள்ளைப் பைன் மரங்கள் வானளாவி நின்றன. பனிக்காலத்தில் ஆடவர் காட்டு முகாம்களில் தங்கி மரங்களை வீழ்த்துவர். உறைந்த பாதையில் குதிரைகளும் எருதுகளும் சறுக்குவண்டிகளில் கட்டைகளை ஆற்றங்கரைக்கு இழுத்துச் செல்லும். இளவேனிலில் பனி உருகி ஆறு பெருகும்போது கட்டைகள் நீரில் மிதந்து ஆலையை அடையும். எந்தக் கட்டை எவருடையது என்பதை அறிய, அதன் முனையில் இரும்புச் சுத்தியலால் முத்திரை பதிப்பர். கட்டைக்கு முத்திரை இருந்தது. அதனை வெட்டியவனுக்கோ பல வேளைகளில் ஏட்டில் ஓர் இடமும் இல்லை!

1871ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் சிகாகோவில் பெருந்தீ மூண்டது. அதே நாளில் ஹாலந்து, பெஷ்டிகோ ஆகிய ஊர்களும் எரிந்தன. எரிந்த ஊர்களை மீண்டும் கட்டப் பலகைகள் தேவைப்பட்டன. சிங்கப்பூர் ஆலைகள் ஓயாது உழைத்தன. சூழ்ந்திருந்த காடு விரைந்து அழிந்தது. மரம் தீர்ந்ததும் ஊரின் உயிரும் தீர்ந்தது. 1875ஆம் ஆண்டளவில் ஊர் வெறிச்சோடியது. ஆலையைப் பிரித்து, வடக்கே செயிண்ட் இக்னேஸ் நகருக்குக் கொண்டுசென்றனர். சில வீடுகளை அருகிலுள்ள சாகடக் ஊருக்கு நகர்த்தினர். மரங்களின் காவலை இழந்த மணல்மேடு, காற்றின் துணைகொண்டு எஞ்சியவற்றை மூடியது.

இத்தகைய ஊரில் வாழ்ந்த மரத்தொழிலாளி ஒருவரின் வழித்தோன்றல், இன்று தம் குடும்ப வரலாற்றைத் தேடப் புகுந்தால் எங்கே தொடங்குவது? தட்டுவதற்கு வீடில்லை, கேட்பதற்கு முதியவர் இல்லை. ஏடுகளே துணை. அவ்வேடுகளும் ஊரின் பெயரை எப்போதும் கூறுவதில்லை. மக்கட்கணக்கு அங்கே டவுன்ஷிப் என்னும் பிரிவின் பெயரால் எடுக்கப்பட்டது. ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமும் கொண்டு, 36 கூறுகளாக நிலம் அளந்து பிரிக்கப்பட்ட பகுதியே அளவைமுறையில் டவுன்ஷிப் எனப்படும். எனவே, ஊரை மறந்து டவுன்ஷிப்பையும் மாவட்டத்தையும் முதலில் அறிதல் வேண்டும்.

1850க்கு முற்பட்ட கணக்குகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே காணப்படும். அவ்வாண்டுக் கணக்கே அடிமையல்லாத மக்கள் அனைவரையும் பெயர் சுட்டிப் பதிந்தது. குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்பது 1880ஆம் ஆண்டில்தான் எழுதப்பட்டது. அடுத்துவந்த 1890ஆம் ஆண்டுக் கணக்கேடுகளில் மிகப் பெரும்பகுதி, 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தினால் அழிந்தது. காட்டை விழுங்கிய தீயைப் போலவே மற்றொரு தீ, மக்களின் பெயர்களையும் விழுங்கிற்று.

ஆயினும் வழி முற்றும் அடைபடவில்லை. மிச்சிகனில் 1867 முதல் பிறப்பும் இறப்பும் மாநில அளவில் பதியப்பட்டன. நிலப்பத்திரங்களும் திருமணப் பதிவுகளும் மாவட்ட அலுவலகங்களில் உள்ளன. தனியாளாகத் தங்குவிடுதியில் வாழ்ந்தவர், விடுதிக்காரரின் குடும்பத்துக்குக் கீழே ஒற்றை வரியாக எழுதப்பட்டிருக்கலாம். ஆலை சென்ற ஊரிலும் தேட வேண்டும். ஏனெனில் ஆலை போன வழியே தொழிலாளியும் போயிருக்கக்கூடும். பெயர் ஒத்திருப்பதாலேயே ஒருவரைத் தம் பாட்டனார் என்று கொள்ளலாகாது. வயது, பிறந்த இடம், மனைவி மக்களின் பெயர் ஆகிய யாவும் பொருந்துதல் வேண்டும்.

சாகடக் ஊரில் நிற்கும் நினைவுப் பலகை ஒன்று, புதையுண்ட ஊரின் கதையைச் சுருக்கமாக உரைக்கிறது. அதில் ஊரின் பெயர் உண்டு. கோடரி ஏந்திய ஒவ்வொருவரின் பெயரும் இருத்தல் இயலாது. அப்பணி அவரவர் வழித்தோன்றல்களுக்கே உரியது. மாணவர்கள் இதனை மனங்கொள்வார்களாக! பாட்டனார் எங்கே பிறந்தார், என்ன தொழில் செய்தார், எவ்வூரிலிருந்து எவ்வூருக்குப் பெயர்ந்தார் என்பவற்றை, அவர் பேசக்கூடிய காலத்திலேயே கேட்டு எழுதிவைத்தல் எளிய செயல். அது நழுவினால், மணலைத் தோண்டினாலும் கிடையாது.