காஃப் மலையும் ஸீமுர்குப் பறவையும்

கடற்கரை ஊர்களில் பிறந்த நம்மவர்க்குக் காஃப் மலை புதிய பெயரன்று. ‘கோகாஃப்’ என்று என் வாப்பும்மா அதனைச் சொல்லுவார். உலகின் விளிம்பை வளைத்து நிற்கும் பச்சை மரகத மலை அது. அதற்கப்பால் ஜின்களின் நாடு. பாரசீகக் கதைகளிலிருந்து உருதுக் கிஸ்ஸாக்களுக்கும், அங்கிருந்து நம் இல்லங்களின் திண்ணைகளுக்கும் வந்து சேர்ந்த மலை.

அப்பெயரை அண்மையில் என் மகள்வயிற்றுப் பேரன் வாயிலாக மீண்டும் கேட்டேன். 2024 ஜனவரியில் வெளிவந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி லாஸ்ட் கிரவுன்’ என்னும் வீடியோ விளையாட்டில் அவன் ஆழ்ந்திருக்கின்றான். பிரான்சு நாட்டின் மோன்பெலியே நகரிலுள்ள யூபிசாஃப்ட் நிறுவனக் கலைக்கூடம் உருவாக்கியது அது. 1989ஆம் ஆண்டில் ஜோர்டான் மெக்னர் என்னும் அமெரிக்க இளைஞர் தொடங்கிவைத்த விளையாட்டு வரிசையின் புதுக் கிளை. கடத்தப்பட்ட இளவரசர் ஒருவரை மீட்க, ஸார்கோன் என்னும் வாள்வீரன் காஃப் மலைக்குச் செல்கின்றான். அங்கே காலம் தன் ஒழுங்கை இழந்து கிடக்கின்றது. சூறாவளியின் நடுவே போரிட்ட கப்பல்கள், அலைகளோடு அந்தரத்தில் உறைந்து நிற்கின்றன. அந்தக் காட்சியை அவன் எனக்குக் காட்டியபோது, தீட்டிய கைகளைப் பாராட்டாதிருக்க இயலவில்லை.

ஆனால் அவனுடைய தாய்க்கு அதில் உடன்பாடில்லை. அவ்விளையாட்டில் ஸீமுர்கு என்னும் பறவை காலத்தின் தெய்வமாக நிற்கின்றது. “இதையெல்லாம் பிள்ளை மனத்தில் ஏற்றலாமா, வாப்பா? நிறுத்திவிடச் சொல்லுங்கள்” என்றாள். தாயின் அச்சம் எளிதாகத் தள்ளிவிடத் தக்கதன்று. ஆகவே, அம்மலையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அதனதன் பிறப்பிடத்தை ஆராயலானேன்.

முதலில் மலை. திருமறையின் 50ஆம் அத்தியாயம் ‘காஃப்’ என்னும் எழுத்தால் தொடங்குகின்றது. அவ்வெழுத்து உலகைச் சூழ்ந்த மலையைக் குறிக்கும் என்று பழைய விரிவுரையாளர் சிலர் எழுதி வைத்தனர். பதினான்காம் நூற்றாண்டின் பேரறிஞர் இப்னு கஸீர் அதனை இஸ்ரவேலர் வழிவந்த கட்டுக்கதை என்று தள்ளினார். நம்பிக்கை எது, கதை எது என்று பிரித்தறியும் பணியை நம் முன்னோர் எப்போதோ தொடங்கிவிட்டனர்.

அடுத்து, வாக்வாக் மரம். மனித உருவில் கனி காய்த்து, அக்கனிகள் ‘வாக் வாக்’ என்று கூவும் ஒரு மரத்தைப் பற்றி அரபுக் கதைகள் பேசும். விளையாட்டில் அது பொன்னிற மரம். களைத்த வீரன் அதனடியில் இளைப்பாறி உயிர்வலி மீள்கின்றான்; வீழ்ந்துபட்டால் மீண்டும் அங்கிருந்தே எழுகின்றான்.

இனி, ஸீமுர்கு. 1010ஆம் ஆண்டளவில் ஃபிர்தௌஸி நிறைவு செய்த ‘ஷாஹ்நாமா’வில் அது ஒரு தாய். வெண்முடியோடு பிறந்தமையால் தந்தை ஸாம் வெறுத்து எறிந்த குழந்தை ஸாலை, அல்புர்ஸ் மலையுச்சியில் தன் குஞ்சுகளோடு வளர்க்கின்றது. பிரியும் வேளையில் தன் இறகைக் கொடுத்து, இடர் வந்தால் எரிக்கச் சொல்கின்றது. ஸாலின் மனைவி ரூதாபா பேற்று நோவில் துடித்தபோது, எரிந்த இறகைக் கண்டு பறந்து வந்து வழி சொல்கின்றது. மாவீரன் ருஸ்தம் பிறக்கின்றான். ஸார்கோன் பெறும் ஒவ்வோர் இறகும் அவனுக்கொரு புதிய ஆற்றலைத் தருவதற்கு வேர் இங்கேதான் இருக்கின்றது.

ஆயின், அப்பறவைக்கு வேறொரு வாழ்வும் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நைஷாப்பூரின் ஃபரீதுத்தீன் அத்தார் அதனை எடுத்து, ‘மன்திகுத் தைர்’ என்னும் காவியத்தின் இலக்காக்கினார். நபி சுலைமான் (அலை) அவர்களின் தூதாகத் திருமறை காட்டும் ஹுத்ஹுத் பறவை வழிகாட்ட, ஏனைய பறவைகள் தம் அரசனாகிய ஸீமுர்கைத் தேடிப் புறப்படுகின்றன. தேட்டம், காதல், ஞானம், பற்றின்மை, ஒருமை, திகைப்பு, வறுமையோடு கூடிய அழிவு என ஏழு பள்ளத்தாக்குகள். எஞ்சி வந்து சேர்ந்தவை முப்பது. பாரசீகத்தில் ‘ஸீ’ என்றால் முப்பது, ‘முர்கு’ என்றால் பறவை. அரசனைக் காண வந்த முப்பதும் அங்கே தம்மையே கண்டன.

அத்தாரும் இஸ்லாத்திற்கு முற்பட்ட ஒரு பறவையையே எடுத்தாண்டார். எனவே பழைய உருவை எடுத்தாண்டதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. எடுத்த உருவுக்கு என்ன பொருள் ஊட்டப்பட்டது என்பதே என் கேள்வி. அத்தாரின் பறவைகள் பள்ளத்தாக்குதோறும் ஒன்றை இழக்கின்றன. ஸார்கோன் அடைந்த இறகுதோறும் ஒன்றைப் பெறுகின்றான். அவன் பெறும் ஆற்றல்களுள் ஒன்று, தன் நிழலை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, வேண்டும்போது அந்நிழல் நின்ற இடத்திற்கே மீளுதல். தன்னைத் தானே எதிர்கொள்ளும் அந்தப் பழைய பொருளின் வாயிலை விளையாட்டு தொடுகின்றது. தொட்டதும், பகைவனை வெல்லும் உத்தியாக அதனை மாற்றிக்கொண்டு மேலே ஓடுகின்றது.

ஒருநாள் முப்பது பறவைகளின் கதையைப் பேரனுக்குச் சொன்னேன். முழுவதும் கேட்டபின், “அப்பா, கடைசியில் அவற்றுக்கு என்ன சக்தி கிடைத்தது?” என்றான். “ஒன்றும் கிடைக்கவில்லை, இருந்ததும் போயிற்று” என்றேன். சற்று நேரம் விளையாட்டுக் கருவியைக் கையில் வைத்தபடியே இருந்தான். “பிறகு ஏன் போயின?” என்று கேட்டான். ஸூஃபிகள் வாழ்நாளெல்லாம் சுமந்த கேள்வி, அந்த விளையாட்டின் வாயிலாகவே பதின்மூன்று வயதுச் சிறுவனின் நாவிற்கு வந்துவிட்டது. “ஏன் என்று நாம் இருவரும் சேர்ந்து படிப்போம்” என்றேன்.

மகளிடம் இதனைச் சொன்னேன். பறவை தெய்வமன்று என்பதைப் பிள்ளைக்கு விளங்கச் சொல்லும் பொறுப்பை என்னிடமே ஒப்படைத்துவிட்டு, விளையாட்டைத் தொடர இசைந்தாள். இப்போது வெள்ளிதோறும் மாலையில் அத்தாரின் பறவைகளுள் ஒன்று எங்கள் வீட்டிற்கு வருகின்றது. பயணத்திற்கு வர இயலாதென அவை சொன்ன சாக்குகளைப் படிக்கின்றோம். ரோஜாவைப் பிரிய மாட்டேன் என்றது புல்புல். தண்ணீரை விட்டு வரமாட்டேன் என்றது வாத்து. பாழிடத்துப் புதையலை விடமாட்டேன் என்றது ஆந்தை.

அன்பார்ந்த பெற்றோர்களே! நம் மரபின் பெயர்கள் இன்று நம் பிள்ளைகளை அயலார் கைவண்ணத்தில் வந்தடைகின்றன. பெயர் வந்து சேர்ந்துவிட்டது. பொருளைச் சொல்ல அவர்களருகே நாம் அமர வேண்டும்.