ஜீன் மேல பழி போடாதீங்க பாஸ்!

எங்க அக்காவுக்கு வந்த ஒரு வரன் எதனால தட்டிப்போச்சு தெரியுமா? ஜாதகம் இல்ல, நகை இல்ல... எங்க அப்பாவோட பழைய இருமல்!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல நெசவு வீடு எங்களது. மூணு வருஷம் முன்னாடி அப்பாவுக்கு டி.பி. வந்தது. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டு குணமாகிட்டார். தாத்தா போனதும் இதே நோய்லதான். போதாதா? "வம்ச வியாதியாம்... வேணாம்னுட்டாங்க"ன்னு தரகர் சொல்லிட்டுப் போனார். அக்கா ஒண்ணும் பேசல. போய் தறியில உட்கார்ந்துட்டா.

நான் மட்டும் என்ன யோக்கியமா? காலேஜ்ல அப்பாவுக்கு 'ஆஸ்துமா'ன்னு புளுகினவன்தானே! ஆனா அன்னிக்கு சுர்ருனு கோபம் வந்துச்சு. விலங்கியல் மாணவனாச்சே... லைப்ரரிக்குப் போய்த் தேடினேன்.

அவங்க சொன்னதுல ஒரு துளி உண்மை இருக்கு. தென்னிந்தியக் காசநோயாளிகள்கிட்ட 'ஹெச்.எல்.ஏ. டி.ஆர்.2' என்கிற மரபணு வகை அதிகமா இருக்குன்னு 1991-ல் மதுரை காமராஜர் பல்கலைக்கழக பிச்சப்பன் குழு சொன்னது. கிருமியை வெள்ளணுக்களுக்கு அடையாளம் காட்டுற புரதம் இது. ஆளுக்கு ஆள் மாறும். ஆனா இந்த வகை இருக்கிற பெரும்பாலானவங்களுக்கு டி.பி. வர்றதே இல்லை!

உலகத்துல நாலுல ஒருத்தர் உடம்புல காசநோய்க் கிருமி நுழைஞ்சிருக்கு. அவங்கள்ல நோயாளி ஆகறது நூத்துக்கு 5 முதல் 10 பேர்தான். அது யாருங்கறதுல ஜீனுக்குப் பங்கு உண்டு. சத்துக்குறைவு, சர்க்கரை நோய், சிகரெட்... இதுக்கும் பங்கு உண்டு. எங்க ஊர் பாஷையில சொன்னா, ஜீன் வெறும் பாவு. ஊடை ஓடாம புடவை வராது!

இன்னொண்ணு கேளுங்க. 1956-ல் சென்னையில தொடங்கின காசநோய் மையம், ஏழை நோயாளிகள்ல பாதிப் பேருக்கு சானடோரியத்துலயும், மீதிப் பேருக்கு வீட்டுலயே வெச்சும் வைத்தியம் பார்த்தது. 1959-ல் வந்த முடிவு? ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒரே பலன். நோயாளி வீட்டுலயே இருந்ததால குடும்பத்துக்குக் கூடுதலா நோய் பரவவும் இல்லை. ஒரே ரத்தம், ஒரே கூரை... ஜெயிச்சது மருந்து!

அதனால ஃப்ரெண்ட்ஸ், ரெண்டு வாரத்துக்கு மேல இருமலா? மறைக்காதீங்க. அரசு ஆஸ்பத்திரியில சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

அடுத்த வரன் வந்தப்ப காபி கொடுத்துட்டு அக்காவே ஆரம்பிச்சா: "எங்கப்பாவுக்கு டி.பி. இருந்துச்சு. மருந்து சாப்பிட்டார், சரியாயிடுச்சு. வேற ஏதாவது கேக்கணுமா?"

மறுநாள் காலேஜ்ல நானும் அந்த 'ஆஸ்துமா'வைத் திருத்திச் சொல்லிட்டேன்.