விட்டுப்போன எண்

காஞ்சீபுரத்தில் கணக்கு உபாத்தியாயராக இருபது வருஷமாகக் காலந்தள்ளி வருகிறோம். ஒரு புள்ளி தவறினாலும் மார்க்கு கொடுக்காதவர் என்ற கீர்த்தி நமக்கு உண்டு. அதில் சற்றுப் பெருமையும் இருந்தது, சென்ற மாதம் வரையில்.

அன்று 360 என்ற எண்ணை மீதமின்றி வகுக்கும் எண்களையெல்லாம் எழுதச் சொன்னோம். மொத்தம் 24. பிள்ளையார்பாளையத்து நெசவாளர் மகன் ஒருவன் 23 எழுதியிருந்தான். 15 இருந்தது, அதன் ஜோடியான 24 இல்லை. "ஒன்று விட்டாலும் பட்டியலே தப்பு" என்று பூஜ்யம் போட்டோம். மறுநாள் முதல் பையன் பள்ளிக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் அவன் வீட்டுக்குப் போனோம். தகப்பனார் தறிக்குழியில் உட்கார்ந்து, அறுந்த பாவிழை ஒன்றைப் பிணைத்துக்கொண்டிருந்தார்.

"கணக்கு வராதாம், தறியிலேயே உட்காருகிறேன் என்கிறான்" என்றார். "ஓரிழை அறுந்தால் துணியிலே வடு தெரியும், வாஸ்தவந்தான். அதற்காகப் பாவையே வெட்டிப் போடுவோமா, ஐயா?"

நமக்குப் பதில் சொல்ல வாயெழவில்லை. திரும்பி வரும் வழியில் ஸ்ரீநிவாச ராமானுஜனின் ஞாபகம் வந்தது.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவில், அதிகமான எண்களால் மீதமின்றி வகுபடும் எண்ணை 'உயர் பகு எண்' என்பார்கள். 12, 60, 360 எல்லாம் இந்த ஜாதியே. இவற்றைப் பற்றி ராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரை 1915-ல் லண்டன் கணித சங்கத்தின் வெளியீட்டில் பிரசுரமாயிற்று. அதன் பேரில் 1916-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருக்குப் பட்டம் அளித்தது. அக்கட்டுரையில் 67,46,32,83,88,800 வரை இத்தகைய எண்களின் பட்டியல் ஒன்று உண்டு. கடைசியான அந்த எண்ணை மட்டும் 10,080 எண்கள் மீதமின்றி வகுக்கும். அத்தனை பெரிய பட்டியலில் ஓர் எண் விட்டுப்போயிருக்கிறது: 2,93,31,86,25,600. அதை வகுப்பவை 5,040. நமது சட்டப்படி பார்த்தால் ராமானுஜனுக்கும் பூஜ்யந்தான்!

பாதி வழியிலேயே திரும்பிப் போய் இதைப் பையனிடம் சொன்னோம். மறுநாள் வகுப்புக்கு வந்துவிட்டான். விட்டுப்போன எண்ணைப் பலகையில் எழுதி, 23-ஆல் பெருக்கச் சொன்னோம். சாக்கட்டி நொறுங்க நொறுங்கப் பெருக்கினான். விடை 67,46,32,83,88,800. பட்டியலின் கடைசி எண்ணேதான்! புதிதாக 23 என்ற பகா எண் சேர்ந்ததால், 5,040 இரட்டித்து 10,080 ஆயிற்று.

"இதற்குள்ளேயே இருந்திருக்கிறதே, எப்படி ஸார் விட்டார்?" என்றான் பையன்.

"உன் 15-க்குள் 24 ஒளிந்திருக்கவில்லையா? அப்படித்தான்" என்றோம். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான்.

அவன் நோட்டை வாங்கி, பூஜ்யத்தை அடித்துவிட்டு 23 என்று மார்க்கு போட்டோம். விட்டுப்போன 24-ஐ அவனே எழுதிக்கொண்டான்.