பச்சைக்கு மட்டும் ஏன் வால் இருக்கு?

திருவிழாக் கடைகளில் விக்கிற லேசர் லைற் ஒண்டாவது கையில படாமல் வளர்ந்த ஆக்கள் எங்கட வயசில குறைவு. மதிலில புள்ளி குத்தி, பூனையை ஓட வைச்சு, பற்றறி தீரும்வரை விளையாடியிருப்பம். சிவப்பில எங்களுக்கு எப்பவும் ஒரு மனக்குறை. மதிலில் புள்ளி இருக்கும். கைக்கும் மதிலுக்கும் நடுவில ஒண்டும் இருக்காது. படங்களில காட்டுற மாதிரி கோடு வராது. பிறகு பச்சை வந்தது. இருட்டில மேல பிடிச்சால் நட்சத்திரம் வரைக்கும் கயிறு கட்டின மாதிரி ஒரு வால். "பச்சைதான் பவர் கூட, தம்பி" எண்டு கடைக்காரர் சொல்லுவார்.

உண்மையிலேயே அதுதான் காரணமா? எங்கட செற்றில சேர்ந்து கிடந்தது மூண்டு லேசர்: சிவப்பு, பச்சை, ஊதா. சிவப்பு 650 நனோமீற்றர், பச்சை 532, ஊதா 405. மூண்டிலும் ஒட்டியிருந்த லேபிளில் ஒரே அளவுதான், 5 மில்லிவாற்று. லேபிள் சரியெண்டு வைச்சுக்கொண்டால், வால் வித்தியாசத்துக்குப் பவர் காரணமில்லை.

முதல்ல ஒரு விசயம். லேசர் கற்றை எங்களைத் தாண்டிப் போகும்போது அதை நாங்கள் பார்க்கவே ஏலாது. ஒளி கண்ணுக்குள்ள வந்தால்தானே தெரியும்? நடுவில இருக்கிற காற்று மூலக்கூறுகளும் தூசும் அதில கொஞ்சத்தைத் திசைதிருப்பி எங்கட பக்கம் அனுப்புது. அந்தக் கொஞ்சம்தான் கோடு. காற்றே இல்லாத விண்வெளியில் எந்த நிற லேசருக்கும் வால் இல்லை. விண்வெளிச் சண்டைப் படங்களில் பறக்கிற கலர் கோடுகள் எல்லாம் இயக்குநரின்ர கற்பனை.

காற்று எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிச் சிதறடிக்காது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிச்ச ஆக்களுக்கு ராலேயின் பெயர் ஞாபகம் இருக்கும்: சிதறல், அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறு விகிதசமம். வானம் நீலமாய் இருக்கிற அதே காரணம். கணக்குப் போட்டால், காற்று சிவப்பைவிடப் பச்சையை 2.2 மடங்கும், ஊதாவை 6.6 மடங்கும் கூடச் சிதறடிக்குது. அப்படிப் பார்த்தால் ஊதாவுக்குத்தானே ஆக வடிவான வால் இருக்கவேணும்? ஆனால் லைற் போட்டிருந்த முற்றத்தில் ஊதாவின்ர கோடு தேடியும் கிடைக்கேல்லை.

மிச்சக் கதை எங்கட கண்ணில இருக்கு. பகல் வெளிச்சத்துக்குப் பழகின கண் 555 நனோமீற்றருக்குத்தான் ஆகக் கூடுதலாகத் துலங்கும். அதை 100 எண்டு வைச்சால், பச்சை லேசருக்கு 88, சிவப்புக்கு 11 அளவு, ஊதாவுக்கு 0.1 கூட இல்லை. காற்றின்ர கணக்கையும் கண்ணின்ர கணக்கையும் பெருக்கிப் பாருங்கோ. ஒரே பவரில் பச்சைக் கோடு சிவப்பைவிட 18 மடங்களவு பிரகாசம். ஊதா, காற்றில் வென்று கண்ணில் தோற்றுப்போகுது.

இதில இன்னொரு திருப்பமும் இருக்கு. கரண்ட் போன ஒரு இரவு, போனையும் நிப்பாட்டிப்போட்டு அரை மணித்தியாலம் சும்மா இருட்டில இருந்தம். பிறகு ஊதாவைப் போட்டால், மெல்லிசாய்ச் சாம்பல் நிறத்தில ஒரு கோடு! சிவப்பு அப்பவும் வெறும் புள்ளிதான். இருட்டில கூம்புக் கலங்கள் ஓய்ந்து, கோல் கலங்கள் வேலைக்கு வரும். அவைக்கு ஆகப் பிடிச்சது 507 நனோமீற்றர். ஊதாவை ஓரளவு பிடிக்கும், சிவப்பைக் கிட்டத்தட்டக் கணக்கெடுக்காது. கோல்களுக்கு நிறம் தெரியாததால்தான் அந்தச் சாம்பல். எங்களோட இருந்த அம்மம்மாவுக்கோ அந்தக் கோடும் தெரியேல்லை. வயசு போகப்போக கண்வில்லை மஞ்சளாகி, ஊதாவை வழியிலேயே மறிச்சுப்போடும்.

இவ்வளவையும் எழுத வைச்சது ஒரு சின்னப் பெடியன். ஊதா லேசரைக் கையில எடுத்தவன், "இதில வெளிச்சமே இல்லை, பழுதாப் போச்சு" எண்டு சொல்லி, உள்ளுக்குள்ள பார்க்கக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனான். நல்லவேளை, பக்கத்தில நிண்டு பறிச்சம்.

அவன் சொன்னதில பெரிய ஆபத்து இருக்கு. கண்ணுக்கு மங்கலாய்த் தெரியிற ஒளியும் விழித்திரைக்கு மங்கல் இல்லை. 5 மில்லிவாற்று எண்டால் எந்த நிறத்திலும் 5 மில்லிவாற்றுத்தான். கண்வில்லை அதை விழித்திரையில் ஒரு சின்னப் புள்ளியாய்க் குவிச்சு விடும். பச்சை எண்டால் கூச்சத்தில கால் செக்கனுக்குள்ள கண்ணை மூடிப்போடுவம். ஊதா அந்தளவு கூசாது, ஆனபடியால் மூடாமல் பாத்துக்கொண்டிருப்பம்.

பச்சையும் பாவம் இல்லாத பிள்ளை இல்லை. பெரும்பாலான பச்சை லேசருக்குள்ள முதலில் உருவாகிறது 808, பிறகு 1064 நனோமீற்றர்: ரெண்டும் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர்கள். பளிங்கு ஒண்டுதான் 1064ஐப் பாதியாக்கி 532 ஆக்குது. மலிவுச் சாமானில் வடிகட்டி போடாமல் விட்டால் மிச்சக் கதிரும் சேர்ந்து வெளிய வரும். அமெரிக்காவின் தேசிய நியம நிறுவனம் 2010இல் இப்படியொரு லேசரைப் பரிசோதிச்சு எச்சரிச்சிருக்கு. லேபிளில இருக்கிற இலக்கமும் பல வேளைகளில் உண்மையில்லை.

வால் பார்க்க ஆசையெண்டால் ஒரு நுளம்புத்திரியைக் கொழுத்தி, புகைக்குள்ளால மதிலை நோக்கிப் பிடியுங்கோ. புகைத் துணிக்கைகள் மூலக்கூறுகளைவிட மிகப் பெரிசு. சிவப்புக்கும் வால் முளைக்கும். கண்ணாடிப் பக்கமும் முகத்துப் பக்கமும் வேண்டாம். விமானத்துக்கு ஒருநாளும் பிடிக்கக் கூடாது, ஓட்டுற ஆளின்ர கண்ணைக் கூச வைக்கும். "இதில வெளிச்சம் இல்லை" எண்டு ஒரு சின்னன் வந்து நீட்டினால், முதலில் வாங்கிப் பற்றறியைக் கழட்டுங்கோ. விளக்கத்தைப் பிறகு சொல்லலாம்.